எட்டாவது ஹீட்

(திருப்பூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் பனியன் தொழிலில் இருப்பவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளி திறந்து சில வாரங்களில், பக்கத்துப் பள்ளிகள் கூடி மோதும் குறுமையப் போட்டிக்கு ஆள் எடுப்பார்கள். காலையில் பிரேயருக்கு முன்னால் பி.டி. மாஸ்டர் விசிலோடு மைதானத்தில் நிற்பார். “நூறு மீட்டர் யாரெல்லாம் ஓடுறீங்க?” என்று கேட்பார். முப்பது கைகள் உயரும். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்ப்பார். முன்னால் வந்த இருவரின் பெயர் தாளில் ஏறும். மற்ற இருபத்தெட்டுப் பேரும் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆண்டுக்கு அவர்கள் ஓடிய பந்தயம் அதுதான். பலருக்கு வாழ்நாளுக்கே அதுதான்.

ஆசிரியர் மேல் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பள்ளியிலிருந்து ஓரிருவரைத்தான் அனுப்பலாம் என்பது விதி. குறுமையத்தில் ஜெயித்தவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் ஜெயித்தவர் மாநிலத்துக்கு, அங்கிருந்து தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு என்று படிப்படியாக வடிகட்டிக்கொண்டே போகும் ஏற்பாடு இது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954-ல் தொடங்கியது. அன்று முதல் நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது. சிறந்தவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் பள்ளிகளில் தடகளம் என்றால் அந்த வடிகட்டல் மட்டும்தான் என்று ஆகிவிட்டதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஓட ஆசைப்படுகிற ஒவ்வொரு பையனும் ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுக்கு ஐந்தாறு முறையாவது, நெஞ்சில் எண் குத்தி, கோட்டில் நின்று, விசில் கேட்டு, நேரம் குறிக்கப்பட்டு ஓட வேண்டும். தாண்டுகிறவர் தாண்ட வேண்டும். குண்டு எறிகிறவர் எறிய வேண்டும். பயிற்சி வேறு, பந்தயம் வேறு. பக்கத்து லேனில் ஒருவர் மூச்சிரைக்க வரும்போது தன் உடம்பு என்ன செய்கிறது என்பது பந்தயத்தில்தான் தெரியும். நானூறு மீட்டரில் முந்நூறைத் தாண்டியதும் கால் கனத்து நிற்கப் பார்க்கும். அந்த நேரத்தில் தோளைத் தளர்த்திக் கையை வீசி ஓட வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைக்குப் புரியாது. இரண்டு பந்தயம் ஓடினால் புரிந்துவிடும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ராவுத்தம்பாளையத்துப் பையன் தருண் அய்யாசாமி. சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் பூங்கொடி ஆசிரியை. ஓர் ஆசிரியையின் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. தருண் முதலில் விளையாடியது கோ-கோ. தடகளத்துக்கு வந்தது அதன் பிறகுதான். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் தொடரோட்ட அணியில் ஓடினார். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 48.96 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அன்றைக்கு அது இந்தியச் சாதனை. அதே ஜகார்த்தாவில் தொடரோட்டத்திலும் இன்னொரு வெள்ளி. அடுத்த ஆண்டு பாட்டியாலாவில் தன் சாதனையைத் தானே 48.80-க்குக் குறைத்தார்.

நானூறு மீட்டர் தடை ஓட்டம் என்பது பத்துத் தடைகளைத் தாண்டி ஒரு முழுச் சுற்று ஓடுவது. ஒவ்வொரு தடைக்கும் இடையே 35 மீட்டர். அந்த 35 மீட்டரை எத்தனை எட்டில் கடக்கிறோம், களைத்த பிறகும் அதே எட்டில் கடக்க முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்தால் மட்டுமே வருகிற வித்தை அது. நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் ஒரே ஒரு தடையையாவது தாண்டிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். தாண்டியே பார்க்காத ஒன்றில் தனக்குத் திறமை இருக்கிறதா என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

தருண் பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும். 1996 டிசம்பர் 31. பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு உண்டு. இன்ன ஆண்டு ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் என்றுதான் சுற்றறிக்கையில் போடுவார்கள். அப்படியானால் டிசம்பர் கடைசி நாளில் பிறந்த பையன், தன் பிரிவின் கடைசி ஆண்டில், ஏறக்குறைய ஒரு முழு வயது மூத்தவனோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஒரு வயது வித்தியாசம் பெரிதில்லை. பதின்மூன்று வயதில் அது மலை.

வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், பையன்கள் பதினான்கை ஒட்டியும் மடமடவென்று உயர்வார்கள். சிலருக்கு இது இரண்டு ஆண்டு முன்னாலேயே வந்துவிடும், சிலருக்கு இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். எட்டாம் வகுப்பில் மீசை அரும்பியவன் நூறு மீட்டரில் எல்லாரையும் அடித்துவிடுவான். பின்னால் வந்தவன் பதினோராம் வகுப்பில் அவனைவிட அரை அடி உயர்ந்து நிற்பான். ஆனால் அதற்குள் அவனை நாம் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். எட்டாம் வகுப்பிலேயே தனக்கு ஓட்டம் வராது என்று அவனும் முடிவு கட்டியிருப்பான். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில், பதினாறு வயதில் திடீரென்று நீண்டு வளர்ந்த பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஒரு பட்டியல் ஓடும். இவன் நீளம் தாண்டலாம், அவன் உயரம் தாண்டலாம் என்று. கூப்பிட்டால் வரமாட்டார்கள். “எனக்கு வராதுங்க சார்” என்பார்கள். எப்போது பார்த்தாய் என்று கேட்டால் ஆறாம் வகுப்பில் நடந்த ஏதோ ஒரு ஓட்டத்தைச் சொல்வார்கள்.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தாய் தகப்பன் இருவரையும் சிறு வயதிலேயே இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்த பெண். பன்னிரண்டாம் வகுப்பு சமயத்தில் ஒரு பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினாள். அங்கே இருந்த பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டாள். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடவில்லை. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் தங்க விடுதியும் கிடைக்கச் செய்தார். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினாள். அந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்ய ராஜீவ்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பாட்டியின் தியாகத்தையும் பயிற்சியாளரின் பெருந்தன்மையையும் எல்லாரும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று நடந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பெண் அன்று கோட்டில் நிற்க வேண்டியிருந்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் கண்ணனைப் போல நூறு பயிற்சியாளர்கள் இருந்தும் பயனில்லை.

இப்படி எல்லாரையும் ஓடவிட்டால் நிறைய பதக்கம் வரும் என்று கணக்குச் சொல்ல நான் வரவில்லை. வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் ஓடத்தான் வேண்டும். கணக்குப் பாடத்தை ராமானுஜன் ஆகப்போகிற பிள்ளைக்கு மட்டும் நாம் நடத்துவதில்லை. நாற்பது மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கும் அதே வகுப்பு, அதே தேர்வு, அதே விடைத்தாள். விளையாட்டில் மட்டும் ஏன் நாற்பது மார்க் பிள்ளைக்குப் பரீட்சை எழுதவே அனுமதி இல்லை?

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். திருப்பூரில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் அப்பா பவர் டேபிளில், அம்மா செக்கிங்கில். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் தள்ளிப்போகும். சாயங்காலம் வீட்டில் இருப்பது பிள்ளைகள் மட்டும்தான். தம்பியைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் வருகிற நாளில் குடம் பிடிக்க, அரிசி களைந்து வைக்க மூத்த பெண்தான். சில வீடுகளில் மூட்டையாக வந்திறங்கும் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டுவதும் அவள்தான். பள்ளி விட்ட பிறகு ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை பயிற்சி என்று ஆசிரியர் அறிவித்தால் அந்தப் பெண்ணால் நிற்க முடியாது. அவளுக்கு ஆர்வமில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம்.

வாடகை வீடு மாறும்போது பள்ளி மாறுகிற பிள்ளைகள் இங்கே அதிகம். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குடும்பங்கள், இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பங்கள். ஆண்டு நடுவில் சேர்ந்த பிள்ளைக்குச் சான்றிதழ் வந்து, பள்ளிப் பதிவுக்கான எமிஸ் எண் ஒழுங்காகி, பிறந்த தேதி சரிபார்க்கப்படுவதற்குள் குறுமையப் போட்டி முடிந்துவிடும். போட்டிக்கு அந்த ஆவணமெல்லாம் வேண்டும் என்பது நியாயமான விதிதான். வயதை மறைத்து ஓடவிடுகிற கேடு இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குள் நாமே நடத்துகிற ஒரு பந்தயத்துக்கு எந்த ஆவணமும் வேண்டாம். இந்தி பேசுகிற பிள்ளைக்கும் விசில் சத்தம் புரியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு வரை பையன்களுக்குச் சமமாக மைதானத்தில் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் காணோம். வயதுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று வீட்டில் ஒரு பேச்சு. வெயிலில் கறுத்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் ஒரு பேச்சு. மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று கேட்க மைதானத்தில் ஓர் ஆசிரியை இல்லை. உடை மாற்ற அறையில்லை. சுடிதாரோடு ஓடட்டும், முக்கால் பேண்டோடு ஓடட்டும், தலையில் முக்காடு போட்டுக்கூட ஓடட்டும். அவள் ஓட வேண்டும் என்பதுதான் நமக்கு முக்கியம். பெண் பிள்ளைகளின் பந்தயத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர், விசில் ஊதுபவர், கோட்டில் நிற்பவர் எல்லாரும் ஆசிரியைகளாக இருந்தால் வீட்டுப் பேச்சில் பாதி அடங்கிவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மாக்களை ஒரு முறை பார்க்க அழைத்தால் மீதிப் பாதியும் அடங்கும்.

பெண் பிள்ளைகள் ஓட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எத்தனை பேர் விழுங்குகிறார்கள் என்பது ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தெரியும். எண்ணூறு மீட்டர் ஓடுகிற ஒரு பெண்ணுக்கு, போன மாதத்தைவிட இந்த மாதம் மூச்சு வாங்குவது ஏன் என்று தானாகவே ஒரு கேள்வி வரும். அப்போது மாத்திரையையும் முருங்கைக்கீரையையும் பற்றி ஆசிரியை சொல்வதற்கு அவளிடம் காது இருக்கும்.

ஜெய்வாபாய் பள்ளியைப் போல ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளி நம் ஊரில் இருக்கிறது. அத்தனை பேரையும் எப்படி ஐயா ஓடவிடுவது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கைவசம் இருக்கிறது, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

நூறு மீட்டருக்கு வேண்டியது நேராக நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து மீட்டர் இடம். செயற்கை இழை ஓடுதளம் தேவையில்லை, கல் பொறுக்கிய மண் தரை போதும். சுண்ணாம்புத் தூளால் எட்டு லேன் போடுங்கள். இடமில்லாவிட்டால் ஆறு. ஒரு விசிலில் லேனுக்கு ஒருவராக ஓடுவது ஒரு ஹீட். ஒரு ஹீட்டுக்கு நான்கு நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்குப் பதினைந்து ஹீட். எட்டு லேனில் 120 பிள்ளைகள். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை இரண்டு மணி நேரத்தில் 240 பேர். ஐந்து காலை நடத்தினால் 1,200 பேர் ஓடி முடித்திருப்பார்கள். ஆயிரத்தைந்நூறு மீட்டர் இன்னும் சுலபம். அதற்கு லேன் கிடையாது. இருநூறு மீட்டர் சுற்றில் இருபத்தைந்து பேரை ஒரே விசிலில் அனுப்பலாம். மைதானமே இல்லாத மெட்ரிக் பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளியோடு சேர்ந்துகொள்ளட்டும், சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் ஒரு காலை கேட்டு வாங்கட்டும்.

இரண்டாவது சுற்றில் செய்ய வேண்டியதுதான் இந்த ஏற்பாட்டுக்கு உயிர். முதல் சுற்றில் கிடைத்த நேரத்தை வைத்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடுகிற எட்டு எட்டுப் பேராகப் பிரித்துவிட வேண்டும். 13 விநாடிக்காரர்கள் ஒரு ஹீட், 15 விநாடிக்காரர்கள் ஒரு ஹீட், 19 விநாடிக்காரர்கள் ஒரு ஹீட். இப்படிப் பிரித்தால் யாரும் இருபது மீட்டர் பின்னால் தனியாக ஓடி எல்லாரும் சிரிக்கும்படி ஆகாது. எட்டாவது ஹீட்டிலும் கடைசி பத்து மீட்டரில் தோளுக்குத் தோள் போராட்டம் நடக்கும். அங்கேயும் ஒருத்தி முதலில் வருவாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டத்தில் முதலில் வந்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். 19.2-ல் ஓடியவள் அடுத்த மாதம் 18.6 ஓடினால் அது ஏழாவது ஹீட்டுக்கு உயர்வு. அந்த 0.6 விநாடிக்காக அவள் வீட்டுச் சந்தில் ஓடிப் பழகுவாள். பழகச் சொல்லி யாரும் விரட்ட வேண்டியதில்லை.

நேரம் எடுப்பதற்கு ஒரு லேனுக்கு ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. கையால் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகத்தான் வரும். நூறு மீட்டரில் 0.24 விநாடி கூட்டித்தான் ஒப்பிடுவார்கள். நமக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே முறையில் எடுத்தால் போதும். பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு காலை சொல்லிக்கொடுத்தால் அருமையாக எடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்து ஒரு நீள நோட்டு. தேதி, தூரம், நேரம். அந்த நோட்டு வகுப்பு மாறும்போது கூடவே போக வேண்டும். பள்ளி மாறினால் பக்கத்தின் நகலைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

நெஞ்சில் குத்தும் எண்ணுக்கு நம் ஊரில் துணிப் பஞ்சமா? கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துண்டுகளில் ஒரு மாவட்டத்துக்கே எண் அடித்துக் கொடுக்கலாம். பிரிண்டிங் பட்டறை ஒன்று மனது வைத்தால் அரை நாள் வேலை. உலகத்தில் எந்தெந்த நாட்டிலோ ஓடுகிறவர்கள் போடுகிற பனியனும் டிராக் பேண்டும் இந்த ஊரில் தைத்தவை. தைக்கிற கைகளின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பனியன் என்பது முதலாளிமார்களுக்குச் சுமையாக இராது. காதர்பேட்டை பனியன் கடைகளில் விலை கேட்டாலே தெரியும். பனியனைவிட அவர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறொன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலைச் சாப்பாட்டை மறந்துவிடக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை டீயும் பன்னும் சாப்பிட்டு வருவதே பெரிது. வெறும் வயிற்றோடு யாரையும் ஓடவிடக் கூடாது. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாழைப்பழம், ஓடிய பிறகு சுண்டலோ அவித்த முட்டையோ, தாராளமாகத் தண்ணீர். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் நீண்ட தூர ஓட்டம் வேண்டவே வேண்டாம். மார்ச் மாதத்து மதிய வெயிலில் விளையாட்டு விழா வைத்து, விருந்தினர் வரும் வரை பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, மயங்கி விழுந்த பிறகு குடை தேடுகிற வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே ஓடவிட வேண்டும். அவர்கள் அதுவரை நேரம் எழுதட்டும், கோட்டில் நிற்கட்டும். அவர்களும் அந்தக் காலையில் மைதானத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் ஆள் எடுத்துக் கழித்துவிடுவார்கள். தடகளத்தில் பெரும்பாலான பள்ளிகள் வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகள் அங்கே தடகளத்தில் இருக்கிறார்கள். பெண்கள் அதிகம் சேர்கிற விளையாட்டும் அதுதான். முதல் அணிக்கு ஒரு பந்தயம், மற்றவர்களுக்கு அதே நாளில் இன்னொரு பந்தயம் என்று வைக்கிறார்கள். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொண்டர் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்துவந்து கடைசி ஆளாக முடிப்பார். ஓட வந்தவர் யாரும் கடைசியாக வரமாட்டார்கள். நம் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் ஓர் ஆசிரியர் அப்படி ஓடலாம். பிள்ளைகளுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு இராது.

மறுப்புகளும் வரும். முதல் மறுப்பு, படிப்பு கெடும் என்பது. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் வாங்கிக்கொள்வதை நிறுத்தச் சொல்லி விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அமைச்சர் சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஊரறிந்த வழக்கம். நான் கேட்பதோ பாட நேரத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. காலை ஆறரை முதல் எட்டரை வரை, ஆண்டுக்குச் சில வாரங்கள்.

இரண்டாவது, ஆசிரியர் இல்லை என்பது. இது உண்மை, இதை மூடி மறைக்கக் கூடாது. 2012-ல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு நியமித்தார்கள். ஊதியம் பின்னால் உயர்ந்தது, பணி நிரந்தரத்துக்காக அதன் பிறகும் கோரிக்கை வைத்துக்கொண்டே இருந்தார்கள். வாரத்தில் சில அரை நாள் வருகிறவரிடம் ஒரு பள்ளியின் மைதானத்தை ஒப்படைத்துவிட்டு அதிசயம் எதிர்பார்க்க முடியாது. முழு நேர உடற்கல்வி ஆசிரியர் இல்லாத உயர்நிலைப் பள்ளி இருக்கக் கூடாது என்று நாம் அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள், வளர்ந்துவிடுவார்கள். ஆகவே ஊர் கைகொடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பெற்றோர் பக்கமிருந்து வருவது. “சர்டிபிகேட் கிடைக்குமுங்களா?” என்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையில் தனி இடங்கள் இருக்கின்றன. ஓவர்டைம் பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய் இதைக் கேட்பதில் தவறே இல்லை. அவருக்கு நான் நேராகவே சொல்லிவிடுவேன்: இந்தப் பந்தயத்துக்கு அந்தச் சர்டிபிகேட் கிடைக்காதுங்கம்மா. மகள் ஐந்து மாதத்தில் 19.2-லிருந்து 17.8-க்கு வந்த நோட்டுப் பக்கம்தான் கிடைக்கும். இரவில் நன்றாகத் தூங்குவாள். பசித்துச் சாப்பிடுவாள். கூட ஓடுகிற நான்கு பெண்கள் சிநேகிதிகளாவார்கள். கைபேசியை ஒரு மணி நேரம் கீழே வைப்பாள். நாளைக்குக் கம்பெனிக்கே வேலைக்குப் போனாலும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற உடம்பு அவளுக்கு வேண்டும்.

தோற்றால் மனம் உடையாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு பந்தயம், அதிலும் தோல்வி என்றால் உடையும். அடுத்த மாதம் இன்னொரு பந்தயம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. ஆறு முறை ஓடுகிறவள் ஆறு முறையும் தோற்கமாட்டாள், குறைந்தது ஒரு முறையாவது தன் பழைய நேரத்தை வெல்வாள்.

மாவட்டத் தேர்வுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. நன்மைதான். குறுமையத்துக்கு யாரை அனுப்புவது என்று ஆசிரியர் ஒரு காலையில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நோட்டைத் திறந்தால் போதும். அன்றைக்குக் காய்ச்சலில் வராத பிள்ளையும் நோட்டில் இருப்பாள், போன வாரம் பிசிறு வெட்ட உட்கார்ந்துவிட்டவளும் இருப்பாள்.

கம்பெனி முதலாளிமார்களிடம் கேட்க இருந்ததை இப்போது சொல்கிறேன். பனியன் கொடுங்கள், சுண்டலுக்குப் பணம் கொடுங்கள், நன்றி. அவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. பந்தயம் நடக்கிற நாளில், அந்தப் பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதியுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தொகை போட்டுக் கொடுங்கள். ஆண்டுக்கு ஐந்தாறு காலைகள்தான். மகள் ஓடுவதை ஒரு முறைகூடப் பார்க்காத தாய்மார்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

தலைமையாசிரியர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. வருகிற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் மைதானத்துக்கு ஒரு வாரம் குறித்துச் சொல்லுங்கள். ஹீட் பட்டியல் எழுத, லேன் போட, ஸ்டாப்வாட்ச் பிடிக்க, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம். கேட்டை மட்டும் காலை ஆறு மணிக்குத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.